பொரித்த புழுவின் சொந்தக்காரன்

இந்த நாட்டில் ஒருவரும் கை கொடுக்காமல் நான் செய்து காட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கோ. செத்துப்போன இரண்டு காரில் இருந்து ஓடுகிற ஒரு கார். கிறீஸ் அடிக்கிற குழாயில் ஒரு இடியப்ப உரல். வீட்டுக்காரன் கூடாது கூடாது என்று சொல்லச் சொல்லப் பின்வளவில் எழுப்பின தகரக் குசினி. உடுப்புத் தோய்க்கிற மெசினின் மோட்டரில் சுற்றுகிற உழுந்தரைக்கிற கல். அது சுற்றினால் பக்கத்து வீட்டு ரீவியில் ஆட்களின் முகம் இரண்டாகப் பிரிகிறது என்று முறைப்பாடு வந்தது, அவ்வளவு சக்தி. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எழுபதுகளிலேயே நெப்பியன் ஆற்றில் பாஸ் மீன் பிடித்த, வால் சுருண்ட, மெதுப் பிளாஸ்டிக் புழு. இன்றைக்குத் தூண்டில் சாமான் கடைக்குப் போய்ப் பாருங்கோ, சுவர் முழுக்க அதுதான் தொங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பேர் இருக்கிறது. என் பேர் மட்டும் ஒன்றிலும் இல்லை.

அந்தப் பேர் ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். ஆனபடியால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. விசயத்தில் பிழை இல்லை.

நாங்கள் செவன் ஹில்ஸ் என்கிற இந்த வெள்ளைக்கார ஊருக்கு வந்த காலத்தில் அந்தத் தெருவில் தமிழ் கேட்க வேண்டுமென்றால் நான்தான் வாய் திறக்க வேண்டும். என் மனுசி நேர்ஸ். அவவின் படிப்புக்குத்தான் விசா தந்தவர்கள் என்று சிலர் சொல்வார்கள். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பெட்டிகளைத் தூக்கினது யார் என்று பேப்பரில் இல்லை.

அவ ஆஸ்பத்திரிக்குப் போக, நான் ஒரு பொம்மைத் தொழிற்சாலைக்குப் போனேன். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மைக்குக் கை, கால், தலை செய்கிற இடம். கூழ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் திரவம் பீப்பாவில் வரும். அதை அச்சுக்குள் ஊற்றி அடுப்புக்குள் விட்டால் இறுகி, மனிசத் தோல் மாதிரி மெதுமெதென்று வரும். ஆறுவதற்குள் அச்சில் இருந்து கையைப் பிடுங்குவது என் வேலை. பிழைத்துப்போன கைகள் ஒரு தொட்டியில் குவிந்து கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிட மாட்டார்கள். நான் வந்த முதல் நாளே நன்றாகச் சாப்பிட்டேன்.

எங்கள் போர்மன் நல்ல உயரம், சிவந்த முகம், பல் கட்டினவர். தொழிற்சாலையில் ஒரு மீன்பிடிக் கழகம் இருந்தது, அதற்கும் அவர்தான் தலைவர். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் பென்றித் பக்கம் நெப்பியன் ஆற்றுக்குப் போவார்கள். பிடிக்கிறது பாஸ் மீன். பாஸ் என்றால் ஆற்று மீன். வெண்கலப் பாத்திரம் பாசி பிடித்த மாதிரி நிறம், பெரிய வாய், கெட்ட குணம். தண்ணீருக்குள் விழுந்து கிடக்கிற மரங்களுக்குக் கீழே ஒளிந்திருந்து, தன் வாசலால் போகிற எதையும் அடிக்கும். சில மனிசரும் அப்படித்தான். அதனால் எனக்கு அந்த மீனைப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

கழகத்தில் என்னையும் சேர்த்தார்கள். கழகத்தில் எல்லாரும் மண்புழு குத்தித்தான் மீன் பிடிப்பார்கள். நானும் வளவைக் கிண்டி ஒரு மாஜரின் டப்பா நிறைய மண்புழு எடுத்து, ஈர மண் போட்டு, பிரிட்ஜுக்குள் வைத்தேன். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்று போர்மன் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். முட்டைகூட மேசைக்கு வராது. மனுசி ஆஸ்பத்திரியால் வந்து, தலை முழுகி, விளக்கேற்றி, பாணுக்குப் பூச மாஜரினை எடுத்துத் திறந்திருக்கிறா. சத்தம் ஒன்றும் போடவில்லை, நேர்ஸ்தானே. டப்பாவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தா.

"இஞ்சேருங்கோ, இது உங்கட சிநேகிதர் ஆக்கள் போல கிடக்கு. இவையளும் நீங்களும் இண்டைக்கு வெளியில படுங்கோ."

அன்றைக்கு விழுந்த சட்டம்: உயிருள்ள புழு, செத்த இறால், பூச்சி, எதுவும் வீட்டு வாசல் தாண்டக் கூடாது. புழு இல்லாமல் என்னென்று மீன் பிடிக்கிறது? கழகத்தை விட்டு வருவதா? நான் விடுகிற ஆள் இல்லை. அடுத்த திங்கள் தொழிற்சாலையில் அந்தப் பிழைத்த கைகளின் தொட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வெளிச்சம் வந்தது. பிளாஸ்டிக் புழு என்றால் அது சைவம். மனுசியிடம் கேட்டேன். ஓம், சைவம்தான், ஆனால் பிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம் என்றா.

இந்த இடத்தில் ஒருவர் எழும்பி, அமெரிக்காக்காரன் அதற்கு முந்தியே செய்துவிட்டான் என்று சொல்லக்கூடும். செய்திருப்பான். அவன் அமெரிக்காவில் செய்தான். நான் செவன் ஹில்ஸில் செய்தேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கடல் இருக்கிறது என்று பாருங்கோ.

முதலில் நான் அவசரப்பட்டு, தொட்டியில் இருந்த பொம்மைக் கைகளின் விரல்களை வெட்டி எடுத்துத் தூண்டில் முள்ளில் குத்திக்கொண்டு போனேன். நல்ல றோசா நிறம், வெள்ளைக்காரக் குழந்தையின் விரல், நகமும் இருந்தது. மீன் அடிக்கவில்லை. மரம்தான் அடித்தது. பாஸ் மீன் மரத்தின் கீழ் இருக்கிறபடியால் அங்கேதான் எறிய வேண்டும். எறிந்தால் முள்ளின் நுனி கட்டையில் கொளுவும். இழுத்தால் நூல் அறும். அன்று மத்தியானம் ஆற்றில் ஒரு மரம் முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் காய்த்திருந்தன. அந்தப் பக்கம் பிள்ளைகளோடு சாப்பாட்டுக் கூடை கொண்டு வந்த ஒரு மனுசி அதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் மறுகரையில் நின்ற மாடுகள் ஓடின. போர்மன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவவுக்கு விளங்கப்படுத்தப் போனார். வெள்ளைக்காரர் செத்தவீட்டில்தான் அப்படித் தொப்பி கழற்றுவார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டது.

திரும்பி வந்து எல்லாருக்கும் முன்னால் என்னிடம் சொன்னார், பாஸ் மீன் பிளாஸ்டிக் தின்கிற நாளில் நான் என் பல்லைத் தின்பேன் என்று. நான் சொன்னேன், தின்னும். அப்படியே வாய்க்கு வாய் ஏறி ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது. கோடை முடிவில் கழகத்தின் பெரிய போட்டி வரும். அன்று நான் பிளாஸ்டிக் புழுவில், கழக அளவுக்குக் குறையாத ஒரு பாஸ் பிடித்தால், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் தொங்குகிற கழகப் பலகையில் அந்தப் புழு என் பேரில் ஏறும். பிடிக்காவிட்டால், அடுத்த வருடம் முழுக்கக் கழகத்தில் எல்லாருக்கும் மண்புழு கிண்டி, என் வீட்டில் வைத்து வளர்த்து, நான்தான் கொண்டுவர வேண்டும்.

என் வீட்டில். மனுசியின் சட்டம் உங்களுக்குத் தெரியும். தோற்றால் நான் எங்கே படுப்பேன் என்பதும் தெரியும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், படுக்கை எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. அந்தப் பலகைதான் பெரிசு. அந்தத் தொழிற்சாலையில் என் பேரை ஒருவரும் முழுதாகச் சொன்னது இல்லை. எல்லாருக்கும் நான் "மேட்", பேர் தெரியாத எவனையும் கூப்பிடுகிற சொல். பலகையில் ஏறினால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

வேலையில் இறங்கினேன். ஒரு பென்சிலில் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஈரச் சாந்தில் அமத்தி எடுத்தால், புழுவின் உடம்பில் இருக்கிற வளையங்களோடு அச்சு ரெடி. தேங்காயெண்ணெய் பூசினால் ஒட்டாது. பீப்பா அடியில் மிஞ்சுகிற திரவத்தைப் போர்மனிடம் கேட்டு ஜாம் போத்தலில் எடுத்து வந்தேன். எதிராளியிடமே சாமான் வாங்கிச் சண்டை பிடிக்கிறது எல்லாராலும் முடியாது. பொம்மைத் தலைமயிருக்குப் போடுகிற மண்ணிறச் சாயத்தையும் கொஞ்சம் கலந்து, தகரக் குசினியில் சூடாக்கி வார்த்தேன். புழு வந்தது. மனுசி வந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனா. அவ்வளவு உயிர்.

அடுத்தது முள். மரத்தில் கொளுவாமல் என்னென்று முள்ளை வைக்கிறது? சாப்பாட்டு அறையில் கிடந்த ஒரு அமெரிக்கப் புத்தகத்தில் படம் இருந்தது. எழுத்து எனக்கு ஓடாது, படம் ஓடும். முள்ளைப் புழுவின் தலையால் குத்தி, கொஞ்சம் கீழே பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது தலைக்குள் போகும் வரைக்கும் இழுத்து, பிறகு முள்ளைத் திருப்பி, நுனியைப் புழுவின் வயிற்றுக்குள் திரும்பப் புதைக்க வேண்டும். அப்போது நுனி வெளியே தெரியாது, கட்டையில் கொளுவாது. மீன் கடித்தால் மட்டும் மெதுப் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வந்து வாயில் ஏறும். முன்னால் தங்கூசி நூலில் ஓடித் திரிகிற மாதிரி ஒரு சின்ன ஈயக்குண்டு. புழு நேராகத் தொங்க வேண்டும். கோணினால் தண்ணீரில் பம்பரம் மாதிரிச் சுற்றும், நூல் முறுகும்.

சொல்லச் சுகம். நான் குத்தினால் நுனி ஒன்றில் மற்றப் பக்கத்தால் வெளியே வரும், இல்லாவிட்டால் ஆழத்தில் போய் நின்றுவிடும், மீன் அடித்தாலும் வெளியே வராது. என் விரல் நுனி முழுக்க ஓட்டை. மருந்து போட வந்த மனுசி புழுவுக்குக் கை நீட்டினா.

"இஞ்ச தாங்கோ. ஆழமாக் குத்தாதேங்கோ. தோலுக்குக் கீழ நிக்கவேணும். சும்மா ஒரு கொப்புளம் எழும்புற மாதிரி."

ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடுகிற ஊசி மாதிரியே பிடித்து, நுனியைப் புழுவின் தோலுக்குக் கீழே படுக்க வைத்தா. தடவினால் தெரியாது, அமத்தினால் கையில் குத்தும். அந்த ஊசி மட்டும் அவவின் பங்கு. நான் மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

ஒரு குறைதான் மிச்சம். புழுவில் புதுப் பொம்மை மணம். மீனுக்கு மணம் பிடிக்காவிட்டால் கிட்ட வராது என்று போர்மன் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தார். மனுசிக்கு அதற்கும் வழி தெரிந்திருந்தது: உப்புத் தடவி வெயிலில் போடுங்கோ, எந்த மணமும் போகும். போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை, வார்த்த புழு எல்லாவற்றையும் உப்பில் பிரட்டி, சுளகில் பரப்பி, பின்வளவுக் கதிரையில் வைத்தேன். நல்ல வெயில். மத்தியானத்துக்குள் அவை கொஞ்சம் சுருங்கி, வெளிறி, மேலே உப்புப் பூத்து, காம்பு மாதிரி வால் நீட்டிக்கொண்டு கிடந்தன. இப்போது நினைத்தால் எனக்கே தெரிகிறது, அவை எதைப் போல் இருந்தன என்று. அப்போது நான் காருக்குக் கீழே கிடந்தேன்.

இனி அந்த இஞ்சினியரைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்காரர், கலியாணம் ஆகவில்லை, செவன் ஹில்ஸில் வேறொரு தொழிற்சாலைக்கு மெசின் பூட்ட வந்தவர். முட்டையும் தொடமாட்டார். அந்தக் காலத்தில் சைவச் சாப்பாடு கடையில் கேட்டால் கோழி தருவார்கள். அதனால் சனி ஞாயிறில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நல்ல மனிசர், நிறையப் படித்தவர். ஈயக்குண்டு எவ்வளவு பாரமாக இருக்க வேண்டும் என்று ஒரு காகிதம் முழுக்கக் கணக்குப் போட்டுத் தந்தார். கடைசியில் வந்த விடையின்படி குண்டு என் கால் செருப்பளவு இருக்க வேண்டும். நான் பேசாமல் ஒரு சின்னக் குண்டை எடுத்துக்கொண்டேன்.

அன்று அவர் வந்தபோது மனுசி வேலையில். சோறு பானையில், தயிர் பிரிட்ஜில், போட்டுச் சாப்பிடும் என்று காருக்குக் கீழே இருந்தபடி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தகரக் குசினியில் எண்ணெய் சீறுகிற சத்தம். பிறகு ஒரு புகை. பொம்மைத் தொழிற்சாலையில் அடுப்பு பழுதான நாளில் வருகிற அதே புகை, அதோடு பெருங்காயம். நான் வெளியே வரமுன்னம் அவரே வந்து குனிந்தார். ஒரு கையில் தயிர்ச்சோற்றுக் கோப்பை.

"அண்ணே, மோர்மிளகாய் எந்த ஊர்ல இருந்து வரவழைச்சீங்க? உப்பு கரெக்டா இருக்கு. ஆனா பல்லுல இறங்கவே மாட்டேங்குது."

"எதைத் தம்பி கடிச்சனீர்?"

"சுளகுல காய வெச்சிருந்தீங்களே, அதுதான். ஒரு வருஷமாச்சுண்ணே இதைக் கண்ணால பார்த்து."

காருக்குக் கீழே கிடக்கிற மனிசன் திடீரென்று எழும்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வடு இன்னும் நெற்றியில் இருக்கிறது.

சுளகு வெறுமையாக இருந்தது. ஒன்றை விடாமல் பொரித்திருந்தார். வீட்டுக்காரர்களுக்கும் வைக்க வேண்டும் என்று நினைத்தாராம், அவ்வளவு நல்ல மனம். தாச்சியில் பாதிப் புழு உருகி அடியில் தோலாகப் படிந்து கிடந்தது. மிச்சப் பாதி வடிதட்டில், நல்லெண்ணெயில் மினுங்கிக்கொண்டு, தலை நேராக, வால் மட்டும் பன்றிக்குட்டி வால் மாதிரிச் சுருண்டு. புழு என்று நான் சொன்னதும் இஞ்சினியர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அது நிஜப் புழுவா என்று மட்டும் கேட்டார். பிளாஸ்டிக் என்றேன். முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அப்ப பரவாயில்ல, சைவம்தான் என்றார்.

தொழிற்சாலை பூட்டியிருந்தது, ஜாம் போத்தல் காலி. திரும்ப வார்க்க வழியில்லை. மனுசி வந்து தாச்சியைப் பார்த்தா. அது அவ ஊரில் இருந்து புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்த தாச்சி. இஞ்சினியரை ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளி. என்னைத்தான் பார்த்தா.

"நாளைக்கு மீனில்லாமல் வந்தால், அந்த மண்புழுவுக்குப் போடுற மண்ணுக்குள்ள நீங்களும் இருக்கலாம்."

ஞாயிறு விடியக் கழகத்தார் எல்லாரும் ஆற்றங்கரையில். போர்மன் சில்வண்டு பிடித்துச் சோளப்பொரிப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். பாஸ் மீனுக்குச் சில்வண்டு என்றால் உயிர். என் கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின், உள்ளே பொரித்த புழு. எனக்குத் தகரப் படகு ஒன்று தந்தார்கள். இஞ்சினியர் செய்த பிழைக்குப் பரிகாரமாகத் தான் துடுப்புப் போடுகிறேன் என்று வந்தார். நீந்தத் தெரியாது, ஆனபடியால் காற்றடித்த கார்ச் சக்கரத்து டியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறினார். படகு முதல் அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் வட்டமடித்தது. கரையில் இருந்து சிரிக்கிற சத்தம் தண்ணீரில் நன்றாகக் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வெயில் ஏறியது. போர்மன் இரண்டு மீன் எடுத்துவிட்டார். மற்றவர்களும் ஒன்று ஒன்று. நான் எறிகிற புழுவில் பாதி, பொரித்ததில் தலை வெடித்து முள்ளில் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வால் சுருண்டிருந்தபடியால் நேராகக் குத்த முடியாது என்று இஞ்சினியர் சொன்னார். எனக்கு அந்த நேரம் தோன்றியது, வாலை யார் குத்தச் சொன்னது? தலையில் இருந்து பாதி உடம்பு வரைக்கும் மட்டும் முள்ளை நேராக வைத்து, நுனியைத் தோலுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, வாலை அதன் பாட்டுக்கு விட்டேன். படகோரத்தில் தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தோம். புழு கீழே இறங்க இறங்க அந்தச் சுருண்ட வால் படபடவென்று துடித்தது. இஞ்சினியர் டியூபைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அதுதான் நான் கண்டது. நன்றாகக் கவனியுங்கோ. பொரித்தது அவர். அந்த வாலைத் தொடாமல் விட வேண்டும் என்று கண்டது நான்.

சவுக்கு மரம் ஒன்று சரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. அதன் கிளைக்குள்ளேயே எறிந்தேன். இறங்க விட்டேன். மெல்லத் தூக்கி, திரும்ப இறங்க விட்டேன். நூல் ஒருதரம் டக் என்றது. பிறகு ஒரு பக்கமாகப் போகத் தொடங்கியது. பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு முள் வரவேண்டும் என்றால் பலமாக இழுக்க வேண்டும் என்று படத்தில் இருந்தது. எவ்வளவு பலம் என்று படத்தில் இல்லை. நான் இழுத்த இழுப்பில் பின்னால் போய் இஞ்சினியரின் மடியில் விழுந்தேன், அவர் டியூபோடு படகின் மூக்குக்குப் போனார், துடுப்பு ஒன்று ஆற்றோடு போனது. ஆனால் தடியை நான் விடவில்லை. மீன் மரத்துக்குள் ஓடப் பார்த்தது. நான் படுத்தபடியே இழுத்தேன். இஞ்சினியர் அண்ணே அண்ணே என்றார். அதில் எனக்கு உதவி ஒன்றும் இல்லை.

மீன் படகோரம் வந்தது. அப்போதுதான் வலைக் கூடையைக் கரையில் விட்டுவந்தது தெரிந்தது. வேறு வழி? நான் எப்பவும் களிசானுக்கு மேலே சாரம், அதுதான் கைலி, கட்டித்தான் மீன் பிடிப்பேன். சாரத்தை அவிழ்த்து, இஞ்சினியர் ஒரு தலைப்பு, நான் ஒரு தலைப்பு, மீனுக்குக் கீழே விட்டு வாரி எடுத்தோம். கரையில் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது எழும்பி நின்றார்கள். சிலர் என் களிசானைப் பார்த்தார்கள். போர்மன் மீனைப் பார்த்தார்.

அளவுப் பலகையில் மீனைப் போட்டார்கள். கழக அளவைத் தாண்டி வால் நீட்டிக்கொண்டிருந்தது. வாயின் ஓரத்தில் என் புழு. போர்மன் குனிந்து, முகர்ந்தார். முகம் மாறியது. இது சாப்பாட்டு மணம், இது பிளாஸ்டிக் இல்லை, ஏதோ உங்கள் நாட்டுச் சாப்பாடு, பிளாஸ்டிக் என்றுதானே பேச்சு என்றார். கூட்டம் முணுமுணுத்தது. நான் பிளாஸ்டிக்தான் என்றேன். அவர் இஞ்சினியர் பக்கம் திரும்பி, நீ படித்த மனிசன், பொய் சொல்லமாட்டாய், இதை யாராவது சமைத்தார்களா என்று கேட்டார்.

இஞ்சினியருக்குப் பொய் வராது. அது அவருடைய ஒரே குறை. டியூப் இடுப்பில் இருக்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆமா, நான்தான் நல்லெண்ணெயில் பொரிச்சேன் என்று இங்கிலீசில் சொன்னார். பெருங்காயத்தையும் விடவில்லை.

என் பேர் பலகைக்கு ஏறமுன்னமே இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒரு வருட மண்புழு கண்ணுக்கு முன்னால் நெளிந்தது. ஆனால் நான் வாய்க்கு வாய் பேசிப் பழகினவன். போர்மனிடம் சொன்னேன்: "சாப்பாடு எண்டால் நீ சாப்பிடு. கடிச்சு விழுங்கினால் நான் தோத்தன். உன்னால ஏலாட்டில் அது பிளாஸ்டிக்."

மனிசன் ரோசக்காரன். புழுவை முள்ளில் இருந்து கழற்றி, ஆற்றுத் தண்ணீரில் அலசி, வாயில் போட்டார். மென்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பவும் மென்றார். கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிறகு பிடித்து வெளியே இழுத்தார். புழு வந்தது, அதோடு மேல்வாய்ப் பல் முழுதாக வந்தது, புழுவைக் கவ்வின மாதிரியே. ஒருவரும் சிரிக்கவில்லை, முதலாளி வரிசையில் உள்ளவர் அல்லவா. பொக்கை வாயோடு அவரே சொன்னார், பிளாஸ்டிக் என்று.

அன்று மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனுசி சட்டி வைத்துக் கறி காய்ச்சினா. இஞ்சினியர் தயிர்ச்சோற்றோடு தூரத்தில் இருந்தார். "புழு சைவம், மீன் மச்சம். நீங்கள்தான் என்னவெண்டு தெரியேல்லை" என்று மனுசி சொன்னா. அவவின் முகத்தில் சந்தோசம் இருந்தது, நான் கண்டேன்.

திங்கள் சாப்பாட்டு அறைக்குள் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு போனேன். பலகையில் புதிதாக வெள்ளைப் பெயின்ற்றில் எழுதியிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், கூட்டினேன். "கறிப் புழு, எங்கள் தொழிற்சாலைக் கண்டுபிடிப்பு." அவ்வளவுதான். என் பேர் எங்கே என்று போர்மனிடம் கேட்டேன். உன் பேர் நீளம் மேட், பலகையில் இடம் காணாது என்றார். அவர் கெட்ட மனிசர் இல்லை. பலகையில் இடம் இல்லைத்தான். கீழே வருடாவருடம் பெரிய மீன் பிடித்தவர்களின் பேருக்கு விட்ட இடம் இருந்தது, அதற்குள் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. நானும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். பிறகு தொழிற்சாலை வேறு கைக்கு மாறி, எல்லாரும் வேறு வேறு வேலைக்குப் போய்விட்டோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிண்டுகிறேன் என்று கேட்பீர்கள். இஞ்சினியர் இன்றைக்குக் கெல்லிவில்லில் பெரிய வீடு கட்டி, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நல்ல மனிசர் என்று முன்னமே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். போன மாதம் அவருடைய பிறந்தநாள் விழா. மைக்கைப் பிடித்து, "இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பொரித்த ஒரு புழுவில் கழகமே அதிர்ந்த பெரிய பாஸ் மீன் பிடித்தோம்" என்று சொன்னார். சனம் கை தட்டியது. பிள்ளைகள் "ரியலி, தாத்தா?" என்று கேட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் கேக் கோப்பையோடு இருந்தேன். "பிடித்தோம்" என்ற சொல்லில் நீங்களும் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று மனுசி என் காதுக்குள் சொன்னா. எனக்குக் காணாது.

தொழிற்சாலை கை மாறினாலும் அந்தப் பழைய கழகம் இன்னும் இருக்கிறது, பலகையும் அவர்களிடம் இருக்கிறது, புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனபடியால் கழகத்துக்கும், கெல்லிவில்லுக்கும், இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். புழுவை வார்த்தது நான். முள்ளைப் பூட்டினது நான், தோலுக்குக் கீழே வைக்கக் காட்டினது என் மனுசி. சுருண்ட வாலைத் தொடாமல் விட்டது நான். பிடித்தது நான், என் சாரத்தில். பொரித்தது அவர்; அதையும் போடுங்கோ, சின்ன எழுத்தில், பெருங்காயத்தோடு. ஆனால் மேலே முதலாவதாக என் பேர் வர வேண்டும், தகப்பன் பேரோடு, ஒரு எழுத்தும் குறையாமல். நீளம் என்று இனி ஒருவரும் சொல்ல வேண்டாம். பேர் நீளம் என்றால் பலகையை நீட்டுங்கோ.